லீவு லெட்டரில் எழுதாத காரணம்

பெறுநர்:
பள்ளிக் கல்வி இயக்குநர் அலுவலகம்,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, நுங்கம்பாக்கம்,
சென்னை – 6.

பொருள்: மாணவர்களின் மனப் பதற்றத்தை இனங்காணுதல், உரிய உதவி கிடைக்கச் செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,



எந்தப் பள்ளியானாலும் வகுப்பாசிரியரின் மேசைக்குள் ஒரு கட்டு லீவு லெட்டர் இருக்கும். ‘வயிற்றுவலி காரணமாக’, ‘தலைவலி காரணமாக’, ‘வாந்தி காரணமாக’ என்று ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. அந்தக் கட்டைப் பிரித்துப் பெயர்வாரியாக அடுக்கினால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். தேதியையும் சேர்த்துப் பாருங்கள். திங்கட்கிழமை, ஸ்லிப் டெஸ்ட் அன்று, திருத்திய பேப்பர் கொடுக்கும் அன்று, ஒப்புவிக்க வேண்டிய அன்று என்று அந்தப் பிள்ளைக்கு வயிறு வலித்திருக்கும். வலி நிஜம்தான், பிள்ளை நடிக்கவில்லை. ஆனால் அந்த வலியைக் கிளப்பிவிட்டது எது என்பதை அந்த லெட்டரில் யாரும் எழுதுவதில்லை. பல பிள்ளைகளுக்கு எழுதவும் தெரியாது.

வளரிளம் பருவத்துப் பதற்றம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர ஆண்டுகள் ஆகின்றன. பல வீடுகளில் அது பிடிவாதம், சோம்பேறித்தனம், திருஷ்டி என்று வேறு கணக்கில் போகிறது. வாரத்தில் ஐந்து நாள், நாற்பது பிள்ளைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் ஒரே இடம் வகுப்பறை. எனவே அதைக் கண்டுகொள்ளும் வேலையை ஆசிரியருக்குக் கற்றுக்கொடுங்கள். கண்டுகொண்ட பிறகு அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, படிப்படியாக நடத்திச் செல்லும் வேலைக்குத் தனியாக ஆள் போடுங்கள். இரண்டையும் ஒருவர் தலையில் கட்டினால் இரண்டுமே நடக்காது. எங்கள் கோரிக்கையின் சாரம் இதுதான்.

மனநலம் சுகாதாரத் துறையின் பாடு, நமக்கென்ன என்று உங்கள் அலுவலகம் சொல்ல முடியாது. பிள்ளைகளின் பயத்தைக் குறைத்த பெரிய முடிவுகள் சில உங்கள் வளாகத்திலிருந்தே புறப்பட்டிருக்கின்றன. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று தேர்வு முடிவு அன்று ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் நிறுத்தினீர்கள். பிளஸ் 2-வின் 1,200 மதிப்பெண் 600 ஆனது. 2017-18-ல் வந்த பிளஸ் 1 பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி விலக்கிக்கொள்ளப்பட்டது. ஃபெயிலானால் ஒரு வருடம் பாழ் என்ற நிலையை உடனடித் துணைத்தேர்வு மாற்றியது. இவற்றுக்கு மருத்துவரும் தேவைப்படவில்லை, மாத்திரையும் தேவைப்படவில்லை. ஓர் அரசாணை போதுமாக இருந்தது. உங்கள் கையெழுத்துக்கு எவ்வளவு பலம் என்று அறிந்தே இந்த மடலை எழுதுகிறோம்.

யார் அந்தப் பிள்ளை?

ஆசிரியர் அறையில் அடிபடும் பெயர்கள் பெரும்பாலும் சத்தம் போடும் பிள்ளைகளுடையவை: கடைசி பெஞ்சு, சண்டை, செல்போன், தலைமுடி வெட்டு. பதற்றத்தில் இருக்கும் பிள்ளை இந்தப் பட்டியலில் வராது. அது பெரும்பாலும் ‘தங்கமான பிள்ளை’ என்று பெயரெடுத்திருக்கும். ஒரு வரியில் சின்னப் பிழை வந்தாலும் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதும். விடை தெரிந்தாலும் கை தூக்காது. ‘டீச்சர், இது சரியா?’ என்று ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்கும். சாப்பாட்டு டப்பா பாதி காலியாகாமல் வீட்டுக்குத் திரும்பும். பெயரைக் கூப்பிட்டால் முகம் வெளிறி, உள்ளங்கை வியர்த்து நோட்டு நனைந்துவிடும். சில பிள்ளைகளிடம் இதே பதற்றம் வேறு வேஷம் போட்டுக்கொள்ளும்: எரிந்து விழுவது, வீட்டுப்பாடத்தைத் தொடவே மறுப்பது, காலையில் யூனிஃபார்ம் போட்ட பிறகு அழுவது. ஆண் பிள்ளைகளிடம் இதை ‘திமிர்’ என்று எடுத்துக்கொள்கிறோம்.

பயம் எல்லோருக்கும் உண்டு, இருக்கவும் வேண்டும். தேர்வுக்கு முந்தைய நாள் கொஞ்சமும் பதறாதவன் புத்தகத்தைத் திறக்கமாட்டான். ஆபத்து என்று மூளை நினைத்த கணத்தில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகம் பிடிக்கிறது, மூச்சு மேலேறுகிறது, செரிமானம் தடுமாறி வயிறு கலங்குகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆபத்து நீங்கியதும் அடங்கிவிட்டால் சிக்கல் இல்லை. அடங்காமல் நாள்கணக்கில் நீடித்தாலோ, கணக்கு டீச்சரின் செருப்புச் சத்தத்துக்கெல்லாம் அதே ஏற்பாடு கிளம்பினாலோதான் சிக்கல்.

எது சாதாரணம், எது உதவி தேவைப்படுவது என்று பிரிக்க ஆசிரியருக்கு மூன்று கேள்விகள் போதும். எவ்வளவு நாளாக இப்படி? இதனால் எதெல்லாம் நின்றுபோயிருக்கிறது: தூக்கமா, சாப்பாடா, பள்ளிக்கு வருவதா, விளையாட்டா, நட்பா? பயப்படும் விஷயத்துக்கும் பயத்தின் அளவுக்கும் பொருத்தம் இருக்கிறதா? பொதுப் பதற்றக் கோளாறு என்று பெயர் சூட்ட மருத்துவ நூல்கள் ஆறு மாதம் எதிர்பார்க்கின்றன. பள்ளி அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, அன்றாடம் தடைப்படுகிறது என்றால் பேச்சைத் தொடங்கிவிடலாம். நோயின் பெயரை மருத்துவர் வைக்கட்டும்.

இது ஒன்றிரண்டு பேரின் கதை என்று தள்ளிவிட முடியாது. தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் முன்னின்று 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் வகுப்பென்றால் மூன்று பேர். மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 14 வயது என்றால் ஒன்பதாம் வகுப்பு. பொதுத்தேர்வு நெருக்கடி இல்லாத அந்த ஆண்டில் கண்டுகொண்டால் சரிசெய்யப் போதிய அவகாசம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்ச்சில் கண்டுகொண்டால் யாருக்கும் நேரம் இருக்காது.

விரட்டுவதும் விட்டுவிடுவதும்

கண்டுகொண்ட பிறகு பள்ளிகள் வழக்கமாகச் செய்வது இரண்டு. ஒன்று, விரட்டுவது. ‘என்னடா நடிக்கிறியா? எழுந்து நின்னு படி.’ இன்னொன்று, விட்டுவிடுவது. ‘சரி, உனக்கு பயமா இருந்தா நீ படிக்க வேணாம், உட்காரு.’ முதலாவது கொடுமை என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது இரக்கம் போலத் தோன்றுவதால் அதன் கேடு வெளியே தெரிவதில்லை.

பயந்த இடத்தைத் தவிர்த்த உடனே நெஞ்சு லேசாகிறது. அந்த ஆசுவாசமே பொறி. ‘தவிர்த்ததால்தான் தப்பித்தேன்’ என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் முன்கூட்டியே, இன்னும் பலமாக வருகிறது. கந்துவட்டிக் கடன் மாதிரிதான்: இன்றைக்குக் கை நிறைகிறது, நாளைக்குக் கட்ட வேண்டியது கூடிக்கொண்டே போகிறது. திங்கட்கிழமை லீவு எடுத்த பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை பள்ளி இன்னும் பெரிய பூதமாகத் தெரிகிறது. ஒரு வாரம் வராவிட்டால் ‘ஏன் வரல?’ என்று எல்லோரும் கேட்பார்களே என்ற புதுப் பயமும் சேர்ந்துகொள்கிறது. ‘டி.சி. கொடுத்துடுவேன்’ என்று தலைமையாசிரியர் மிரட்டினால் வாங்கிக்கொண்டு போவதே நிம்மதி என்று பட்டுவிடும். பிறகு அந்தப் பெயர் இடைநிற்றல் பட்டியலில் ஏறுகிறது. 2023 மார்ச்சில் பிளஸ் 2 மொழிப்பாடத் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. வேலைக்குப் போனது, குடும்பச் சூழல், ஏற்கெனவே பள்ளியை விட்டு நின்றது என்று காரணங்கள் பல. இனி கணக்கெடுக்கும்போது பயத்தையும் ஒரு காரணமாகக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறோம்.

விரட்டாமலும் விட்டுவிடாமலும் ஒரு வழி இருக்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துச் சீரமைக்கும் பேச்சு சிகிச்சையின் மையமும் அதுதான்: பயத்தைச் சிறு சிறு படிகளாக வெட்டுவது. வாய்விட்டுப் படிக்க நடுங்கும் ஏழாம் வகுப்புப் பையனை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் மதிய இடைவேளையில் தமிழ் ஐயாவிடம் மட்டும் ஒரு பத்தி படிக்கட்டும். அடுத்த வாரம் இரண்டு நண்பர்கள் கூட இருக்கட்டும். பிறகு வகுப்பில், உட்கார்ந்த இடத்திலிருந்தே, இரண்டு வரி. எழுந்து நின்று படிப்பது கடைசிப் படி. எந்தப் படியிலும் பயம் வரத்தான் செய்யும். வந்த பயம் தானாக வடியும் வரை அங்கேயே நிற்கப் பழகுவதுதான் பயிற்சி. முந்திய படி சலித்துப்போன பிறகே அடுத்ததில் கால் வைக்க வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை. ஆனால் அந்தப் பையனுக்கென்று பொறுமையாக நேரம் ஒதுக்கும் ஒருவர் தேவை.

அந்தப் பதினைந்து நிமிடம்

பொதுத்தேர்வு அறைக்குள் ஒரு நிமிடம் வாருங்கள். 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வருகிறது. 10.10 வரை படித்துப் பார்க்கலாம். 10.15 வரை முகப்புத்தாள் விவரங்களைச் சரிபார்க்கலாம். 10.15-க்குத்தான் எழுதத் தொடங்கலாம். நிதானமான பிள்ளைக்கு இது நல்ல ஏற்பாடு. பதற்றக்காரப் பிள்ளைக்கோ, கை சும்மா இருந்து மனம் மட்டும் ஓடும் கால் மணி நேரம்.

அப்படி ஒரு மாணவி. அவள் கண் நேராகக் கட்டாய வினாவுக்குப் போகிறது. தெரியாத கேள்வி. அடுத்த கணம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எழுத்துகள் கலங்குகின்றன, தெரிந்த கேள்வியும் தெரியாததுபோல் ஆகிறது. ‘படிச்சதெல்லாம் போச்சு’ என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் அதுவே சுழல்கிறது. உள்ளங்கை வியர்வை முகப்புத்தாளில் பட்டு பார்கோடு நனைந்துவிடுமோ என்று கைக்குட்டையால் துடைக்கிறாள். முன்பின் அறியாத தேர்வு மையம், அறிமுகமில்லாத அறைக் கண்காணிப்பாளர். தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்கவும் பயம். படித்தது எதுவும் போய்விடவில்லை. அட்ரினலின் வேகத்தில் அதை எடுத்துத்தர மூளையால் முடியவில்லை, அவ்வளவே. இந்த அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். அதை அவளிடம் முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதி பயம் அப்போதே குறைந்திருக்கும்.

இந்தக் கால் மணி நேரத்தைச் சரிசெய்ய உங்கள் வளாகத்திலேயே இருக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். திருப்புதல் தேர்வை மதிப்பெண்ணுக்கான இன்னொரு தேர்வாக மட்டும் நடத்தாமல், இதே 10 மணி, 10.10, 10.15 ஒழுங்கில், வேறு அறையில், வேறு ஆசிரியர் கண்காணிப்பில் நடத்தச் சொல்லுங்கள். பழகிய இடத்தில் பயத்துக்கு வேலை குறைவு. 10 மணிக்கு அறைக் கண்காணிப்பாளர் வாசிக்க நான்கு வரி கொடுங்கள்: ‘தெரிந்த கேள்விகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். படபடப்பாக இருந்தால் பேனாவை வைத்துவிட்டு மெதுவாக மூச்சை விடுங்கள். தண்ணீர் குடிக்கலாம். உடம்பு சரியில்லை என்றால் கையைத் தூக்குங்கள், யாரும் திட்டமாட்டார்கள்.’ காப்பி அடிப்பதைத் தடுக்கப் பறக்கும் படை அமைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இந்த நான்கு வரி பெரிய காரியமில்லை.

யார் செய்வது?

இங்கேதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நல்ல நோக்கத்தில் தொடங்கும் திட்டம் கடைசியில் ‘எமிஸ்’ என்ற மாணவர் தகவல் தளத்தில் இன்னொரு கட்டமாகப் போய் நிற்பது வழக்கம். ‘பதற்றம்: ஆம் / இல்லை’ என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் டிக் அடிக்க வேண்டிய நிலை வந்தால், மாத இறுதியில் எல்லோருக்கும் ‘இல்லை’ விழும். தப்பித்தவறி ‘ஆம்’ விழுந்த பிள்ளைக்கு அது அழியாத முத்திரையாகும். தயவுசெய்து எமிஸில் இதற்கென்று ஒரு கட்டம் திறக்காதீர்கள்.

வாரம் ஒரு தியான வகுப்பு வைத்தால் தீர்ந்துவிடும் என்ற யோசனையும் வரும். பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளைச் சேர்ந்த 8,000-க்கும் அதிகமான மாணவர்களைக் கொண்டு, ஆசிரியர்கள் அளிக்கும் மனக்குவிப்புப் பயிற்சியைச் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான வகுப்புகளைவிட அது கூடுதல் பலன் தரவில்லை என்று 2022-ல் முடிவு வெளியானது. பலருக்குப் பிடிக்காத இன்னொரு பீரியடாகவே அது போயிற்று. வகுப்பு முழுவதையும் கண்மூட வைப்பதால், உதவி தேவைப்படும் மூன்று பேருக்கு உதவி போய்ச் சேராது.

பலன் தந்த ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். சில பள்ளிகளில் திட்டத்தை நடத்தும் பணியை ஆசிரியரிடம் கொடுத்தார்கள். வேறு சில பள்ளிகளில் அதே பணிக்குப் பயிற்சி பெற்ற, ஆனால் மனநல நிபுணர் அல்லாத ஓர் ஆலோசகரை முழுநேரமாக அமர்த்தினார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் சக மாணவர் கொடுமையும் குறைந்தன. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை. 2018-ல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு இது. ஆசிரியர்கள் மோசம் என்பது இதன் பொருளல்ல. பாடம், தேர்தல் பணி, கணக்கெடுப்பு, விலையில்லாப் பொருள் விநியோகம் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு பிள்ளையின் பயத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்க அவர்களால் முடியாது. மேலும், மதிப்பெண் போடுகிறவரிடமே மனம் திறப்பது எந்தப் பிள்ளைக்கும் கடினம்.

ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் நிபுணருக்காகக் காத்திருக்க முடியாது. பள்ளிக்கு வேண்டியவர் சமூகப்பணி அல்லது உளவியல் படித்து, வளரிளம் பருவத்தினருடன் பழகப் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர். உச்ச நீதிமன்றமும் 2025 ஜூலையில் அதையே சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவியின் மரண வழக்கில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும், சிறிய நிறுவனங்கள் வெளி ஆலோசகரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. ஆசிரியர், பணியாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி, உதவி எண்களை வகுப்பறையிலும் விடுதியிலும் கண்ணில் படும்படி வைப்பது ஆகியவையும் அதில் உண்டு. மாணவர்களை மதிப்பெண்ணை வைத்துப் பிரிப்பதையும் பலர் முன்னே அவமானப்படுத்துவதையும் இயன்றவரை தவிர்க்கச் சொன்னது.

பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறதே என்பீர்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது புகாருக்கான பெட்டி. யாரோ தவறு செய்தால்தான் அதில் சீட்டுப் போட முடியும். ‘எனக்கு எதற்கென்றே தெரியாமல் பயமாக இருக்கிறது’ என்ற பிள்ளை யார் பெயரை எழுதிப் போடும்?

நிறுத்த வேண்டியவை

புதிதாகச் செய்ய வேண்டியவற்றுக்கு முன்னால், பைசா செலவில்லாமல் நிறுத்த வேண்டியவை சில உள்ளன. மதிப்பெண்ணைக் கூடியதிலிருந்து குறைந்தது வரை வகுப்பில் வாசித்துப் பேப்பர் கொடுக்கும் வழக்கம் அவற்றில் ஒன்று. மாநில ரேங்க்கை ஒழித்த துறையின் வகுப்பறையில் அது இன்னும் நடக்கிறது. ‘மெல்லக் கற்போர்’ என்று தனி வரிசையில் உட்கார வைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவது இன்னொன்று. மூன்றாவது, விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்கும் அறிவியல் டீச்சருக்கும் தாரை வார்ப்பது. மூச்சு வாங்க ஓடி விளையாடுவது பதற்றத்துக்கு நல்ல மருந்து என்பது நிரூபணமான விஷயம். பிளஸ் 2 வந்ததும் அதைத்தான் முதலில் பிடுங்குகிறோம். காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்பெஷல் கிளாஸ், நடுவே பேருந்துப் பயணம் என்று போனால் பிள்ளை எப்போது தூங்கும்? 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். தூக்கம் கெட்டால் பதற்றம் கூடும். பதற்றம் கூடினால் தூக்கம் கெடும்.

மாணவர் கையில் ஒரு பக்கம்

ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கத் துண்டறிக்கை கொடுங்கள். மனநல மருத்துவர்களைக் கொண்டு சரிபார்த்து, மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் அதை வெளியிடலாம். எங்கள் வரைவு இது:

“தம்பி, தங்கைக்கு. நெஞ்சு படபடப்பது, வயிறு கலங்குவது, கை நடுங்குவது, தலை காலியானதுபோல் இருப்பது எல்லாம் பயத்தின் வேலை. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இந்த அலை தானாக இறங்கும். நீ கோழை இல்லை, உனக்குப் பைத்தியமும் பிடிக்கவில்லை.

அலை வரும்போது மூச்சை மெல்ல நாலு எண்ணும் வரை இழு. ஆறு எண்ணும் வரை விடு. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். சில நிமிடம் இப்படியே செய். பயமில்லாத நாளிலும் பழகு. தேர்வு அறையில்தான் முதன்முறை செய்து பார்ப்பேன் என்றால் கைகொடுக்காது.

மனதில் ஓடுவதைத் தாளில் எழுது. ‘ஃபெயிலாகிவிடுவேன்’ என்று எழுதினால் பக்கத்திலேயே ‘போன தேர்வில் என்ன எடுத்தேன்? ஃபெயிலானாலும் அடுத்து என்ன வழி?’ என்று எழுது. துணைத்தேர்வு இருக்கிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இருக்கின்றன. பயம் ஒரே ஒரு முடிவைத்தான் காட்டும்; தாளில் எழுதினால் மற்றவையும் தெரியும்.

பயப்படுவதிலேயே சிறிய விஷயம் எதுவோ அதிலிருந்து தொடங்கு. முழுதாகத் தவிர்க்காதே. தேர்வு மையம் வேறு பள்ளி என்றால் முந்தைய நாளே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. ராத்திரி டீ, காபி வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று மெடிக்கலில் மாத்திரை வாங்காதே. எப்போதும் சோர்வும் படபடப்புமாக இருந்தால் ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள். அவையும் இப்படிக் காட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் விடவில்லை என்றால் ஒரு பெரியவரிடம் சொல். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இப்படிச் சொல்: ‘எனக்கு கொஞ்ச நாளா ரொம்ப பயமா இருக்கு, தூக்கம் வரல, உங்ககிட்ட பேசணும்.’ ஒருவர் காது கொடுக்காவிட்டால் இன்னொருவரிடம் சொல். யாரும் இல்லை என்றால் 14416-க்கு எந்த நேரத்திலும் போன் செய். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அப்போதே சொல்.”

பெற்றோருக்கும் சேர்த்து

மத்திய அரசின் டெலி மானஸ் சேவையாக 2022 அக்டோபரில் வந்த 14416, உங்கள் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 என எண்கள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டம் 1996-லிருந்து இருக்கிறது. மனநலச் சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தந்திருக்கிறது. ஆனாலும் நிம்ஹான்ஸ் கணக்கெடுப்பில் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். மனநலம் என்று பேச்செடுத்தவுடன், ‘எம் புள்ளையக் கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?’ என்று வரும் கோபம் இதற்கு ஒரு பெரிய காரணம். தாயத்து கட்டி, மந்திரித்து, ஸ்கேன் எடுத்து, வயிற்றில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அந்தக் கதவை மட்டும் தட்டமாட்டார்கள்.

இந்தத் தயக்கத்தை உடைக்கும் இடம் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டமும் பள்ளி மேலாண்மைக் குழுவும்தான். மதிப்பெண்ணில் தொடங்கி மதிப்பெண்ணில் முடியும் கூட்டத்தில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். ‘பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்’ என்ற பேச்சை விடுங்கள், ‘ஒண்ணுமில்ல, பயப்படாதே’ என்று வாயை அடைக்காமல் ‘எதுக்குப் பயமா இருக்கு, சொல்லு’ என்று கேளுங்கள், பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தாதீர்கள் என்று மூன்று செய்தி போதும். மாவட்ட மருத்துவமனையில் எந்த நாளில், எந்த அறையில் மனநல மருத்துவர் இருப்பார் என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. முகவரி கையில் இருந்தால் தயக்கம் குறையும்.

இயக்குநர் அவர்களே, எங்கள் கோரிக்கைகளைத் தொகுத்துத் தருகிறோம்:

1. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆலோசகர். எல்லா இடத்துக்கும் உடனே முடியாது என்றால், முதல் ஆண்டில் மேல்நிலைப் பள்ளிகளுக்கு. சிறு பள்ளிகளுக்கு அருகிலுள்ள பள்ளியின் ஆலோசகர் வாரம் ஒரு நாள். ஆலோசகருக்குத் தேர்வுப் பணியோ எமிஸ் பணியோ தரக்கூடாது.

2. வகுப்பாசிரியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, கண்டுகொள்வதற்கும் ஆலோசகரிடம் சேர்ப்பதற்கும் மட்டுமான பயிற்சி. சிகிச்சை சொல்லித்தரும் பயிற்சி வேண்டாம்.

3. ஆலோசகரிடம் பிள்ளை சொன்னது ஆலோசகரிடமே இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டுமே அது அடுத்தவருக்குப் போகலாம் என்ற விதி எழுத்தில் வேண்டும்.

4. வகுப்பில் மதிப்பெண் வாசிப்பதற்கும், விளையாட்டுப் பீரியடைப் பிற பாடத்துக்குக் கொடுப்பதற்கும் தடை.

5. வரும் திருப்புதல் தேர்வுகளிலேயே பதினைந்து நிமிட ஒத்திகை. பொதுத்தேர்வில் நான்கு வரி அறிவிப்பு. ஹால் டிக்கெட்டில் 14416.

6. ஒன்பதாம் வகுப்பு முதல் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் துண்டறிக்கை.

இவற்றில் முதலாவதற்கு மட்டும்தான் பெரிய நிதி ஒதுக்கீடும் நிதித் துறையின் சம்மதமும் தேவை. மற்ற ஐந்தில் சில்லறைச் செலவைத் தாண்டி ஒன்றும் இல்லை. நான்காவதும் ஐந்தாவதும் இந்த வாரமே முடியக்கூடியவை. ஆண்டுதோறும் ஏறத்தாழ எட்டு லட்சம் பிள்ளைகள் பிளஸ் 2 எழுதுகிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்க வேண்டிய தேர்வு, எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று அளப்பதாக ஆகிவிடக் கூடாது. எங்களுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை. உங்கள் பதில் தலைமையாசிரியர்களுக்கான சுற்றறிக்கையாகப் போகட்டும். அதன் நகலை நாங்கள் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

இப்படிக்கு,
இதழாசிரியர்